நாரிச் முத்திரையும் உருகிப்போன கிண்ணங்களும்: 1567ஆம் ஆண்டுக் கோப்பைகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் கிழக்கே இருக்கும் நார்ஃபோக் பகுதியில், கிராமத்துக்குக் கிராமம் பழைய ஆலயங்கள் உண்டு. கட்டடங்களின் வயது ஆலயத்துக்கு ஆலயம் மாறும். நார்மன் காலத்து வாசல்களும் இருக்கும், பதினைந்தாம் நூற்றாண்டுக் கோபுரங்களும் இருக்கும். ஆனால் அந்த ஆலயங்களுக்குச் சொந்தமான வெள்ளிக் கோப்பைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், மிகப் பல 1567, 1568 என்ற இரண்டே ஆண்டுகளில் செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய கிண்ணம் வைத்திருக்கும் ஆலயம் அபூர்வம். நானூறு ஆண்டுகளாக வழிபாடு நடந்த ஓர் ஆலயத்தில் 1567க்கு முன் பயன்பட்ட கிண்ணம் எங்கே போனது?

விடை அந்தக் கோப்பைகளின் விளிம்புக்குச் சற்றுக் கீழே, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதாக, மூன்று நான்கு முத்திரைகளில் இருக்கிறது. வெள்ளியில் கலப்படம் நடக்காமல் இருக்கத்தான் அவற்றை அடித்தார்கள். அதே முத்திரைகள் ஒரு மக்கள் கூட்டத்தின் வழிபாடு எந்த ஆண்டில் கைமாறியது என்பதையும் பதிந்து வைத்துவிட்டன. பழைய வெள்ளி என்றால் அழகையும் விலையையும் மட்டுமே பேசுவது வழக்கமாகிவிட்டது. இந்த முத்திரையை, அதாவது ஹால்மார்க்கை, ஒரு வரலாற்று ஆவணமாக வாசிக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு நார்ஃபோக்கின் நகரமான நாரிச்சில் செய்த கோப்பைகளைவிட நல்ல சான்று கிடையாது.

கிண்ணம் ஏன் கோப்பை ஆனது

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருச்சபை கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த சீர்திருத்தத்துக்கு முந்தைய பூசைக் கிண்ணம் சிறியது. அகன்று, ஆழம் குறைந்த வாய்; நடுவில் கணு வைத்த தண்டு; ஆறு பக்கமுள்ள பாதம்; பாதத்தின் ஒரு பக்கத்தில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம். திருப்பலியில், அதாவது கத்தோலிக்கப் பூசையில், குருவானவர் மட்டும்தான் திராட்சை இரசம் அருந்துவார். மக்களுக்கு அப்பம் மட்டும். ஒருவர் அருந்தும் அளவுக்கு இரசம் கொண்டால் போதும் என்பதால் கிண்ணம் அந்த அளவில் இருந்தது.

1547இல் வந்த சட்டமும் 1549இல் வந்த புதிய ஆங்கில ஜெப நூலும் இதை மாற்றின. அப்பம், இரசம் இரண்டையும் எல்லோரும் பெற வேண்டும் என்றார்கள். ஒரு பங்கின், அதாவது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த ஊர்ப் பகுதியின், மக்கள் அனைவருக்கும் அந்தச் சின்னக் கிண்ணம் எப்படிப் போதும்? அரசர் ஆறாம் எட்வர்ட் ஆட்சியின் இறுதியில், 1552–53இல், அரசு அதிகாரிகள் ஆலயம் ஆலயமாகப் போய் வெள்ளிச் சாமான்களைக் கணக்கெடுத்தார்கள். வழிபாட்டுக்கு ஒன்றிரண்டு கிண்ணங்களை விட்டுவிட்டு மற்றவை அரசுக்குப் போயின. அப்புறம் கத்தோலிக்கரான மேரி ராணி வந்தார், திருப்பலி திரும்பியது. 1558இல் எலிசபெத் வந்தார், மறுபடியும் மாற்றம். சுமார் பத்தே ஆண்டுகளில் இத்தனை திருப்பங்களைப் பார்த்த ஒரு கிராமத்து ஆலய நிர்வாகி, மிஞ்சியிருந்த ஒரு கிண்ணத்தை உடனே உருக்கக் கொடுப்பாரா? நாளைக்கு யார் அரியணையில் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? எலிசபெத் பதவிக்கு வந்து ஏறக்குறைய பத்து ஆண்டுகள் வரை நார்ஃபோக் பங்குகளில் பழைய கிண்ணங்கள் தாங்கியதற்கு இந்தத் தயக்கம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

அந்தத் தயக்கத்தை மேலிடம் முடித்து வைத்தது. கான்டர்பரி பேராயர் மாத்யூ பார்க்கர் நாரிச்சிலேயே பிறந்தவர். 1567இல் அவருடைய பெயரால் நாரிச் மறைமாவட்டத்தில், அதாவது நாரிச் ஆயரின் கீழிருந்த பகுதியில், விசாரணை நடந்தது. அங்கே ஆயராக இருந்த ஜான் பார்க்ஹர்ஸ்ட் மேரி காலத்தில் நாட்டை விட்டுப் போய் சூரிச்சில் தங்கியிருந்தவர்; திருப்பலியின் தடயம் எதுவும் மிஞ்சக் கூடாது என்று நினைத்த தரப்பைச் சேர்ந்தவர். திருப்பலிக்குப் பயன்பட்ட கிண்ணத்தை இன்னும் வைத்திருக்கிறீர்களா, அதை மாற்றி, எல்லோரும் இரசம் அருந்தும் முறையான நற்கருணைக் கோப்பை செய்துவிட்டீர்களா என்பது இந்த மாதிரி விசாரணைகளில் பங்குகளிடம் கேட்கப்பட்ட கேள்வி.

பங்குகள் செய்தது எளிமையான காரியம். பழைய கிண்ணத்தைத் தட்டாரிடம் கொடுத்தார்கள். அவர் அதை எடை போட்டு உருக்கினார். குறைந்த வெள்ளியைத் தன் கையிலிருந்து சேர்த்தார். புதுக் கோப்பையை அடித்துக் கொடுத்து, கூடுதல் வெள்ளிக்கும் கூலிக்கும் பணம் வாங்கிக்கொண்டார். நம் வீடுகளில் பாட்டியின் காசுமாலையைக் கொடுத்துப் பேத்திக்கு நெக்லஸ் செய்வார்களே, அதே கணக்குத்தான். ஆக 1567ஆம் ஆண்டுக் கோப்பை பலவற்றின் உலோகத்துக்குள் அதற்கு முந்தைய பூசைக் கிண்ணம் கலந்து கிடக்கிறது.

நாரிச்சுக்குத் தனி முத்திரை

லண்டனில் வெள்ளிக்கு முத்திரை வந்தது 1300இல். முதலாம் எட்வர்டின் சட்டம் சிறுத்தைத் தலை முத்திரையைக் கொண்டுவந்தது. ஸ்டெர்லிங் தரம், அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, குறையக் கூடாது என்பதே அதன் பொருள். 1363இல் செய்தவரின் அடையாளமும் கட்டாயமானது. 1478இல் ஆண்டெழுத்து சேர்ந்தது: ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் எழுத்து. எந்த ஆண்டுப் பொருளில் தரம் குறைந்தாலும் அந்த ஆண்டு சோதித்தவர் யார் என்று பிடித்துவிடலாம். வெள்ளியின் வயதைப் பிற்காலத்தவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாரும் அன்று நினைக்கவில்லை. பொறுப்பாளியைக் கண்டுபிடிக்கத்தான் எழுத்து. 1544இல் நடக்கும் சிங்கத்தின் முத்திரை சேர்ந்தது. எட்டாம் ஹென்றி நாணயத்தில் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே போன நேரம் அது. 1546இல் நாணயத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வெள்ளி. காசை நம்ப முடியாத நாட்டில் தட்டார் வேலையையாவது நம்பலாம் என்று சிங்கம் சொன்னது.

நாரிச் லண்டனிலிருந்து 160 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு கோப்பையையும் அந்தக் காலத்துச் சாலையில் லண்டனுக்குக் கொண்டுபோய் முத்திரை வாங்கி வருவது நடக்கிற காரியம் இல்லை. சொந்த முத்திரை வைத்துக்கொள்ளலாம் என்று 1423ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்த ஏழு ஊர்களில் நாரிச்சும் ஒன்று. இருந்தும் நகரம் முறையான ஏற்பாட்டில் இறங்கியது 1565இல்தான். நகரின் சின்னமான கோட்டையும் அதன் கீழே சிங்கமும் ஊர் முத்திரை ஆயின. ஆண்டெழுத்து ஏ என்று தொடங்கியது. ஆகவே 1566க்கு பி, 1567க்கு சி, 1568க்கு டி.

ஏற்பாடு வந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பெரும் வேலை வந்து குவிந்தது. நார்ஃபோக், சஃபோக் இரண்டையும் சேர்த்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குகள் கொண்ட மறைமாவட்டம் அது. நாரிச் தட்டார்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். சூரியன் முத்திரை பீட்டர் பீட்டர்சனுடையது என்றும், சிலுவை ஏந்திய உருண்டை வில்லியம் கோபால்டுடையது என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கோபால்ட் சாதாரணக் கிராமத்து வேலையோடு நின்றவர் அல்ல. நாரிச் நகராட்சியின் வெள்ளிச் சேகரிப்பில் இருக்கும் ரீட் உப்புக் கலம், 1568ஆம் ஆண்டு வேலை, அவர் கைவண்ணமாகக் கருதப்படுகிறது. பீட்டர்சனும் வசதியாக வாழ்ந்தவர். நகரப் பதவிகளை ஏற்காமல் விலகியிருக்க அனுமதி பெற்று, அதற்குக் கைம்மாறாக 1574இல் நகருக்கு ஒரு கோப்பை கொடுத்தார். இதில் பெரும்பகுதி பீட்டர் பீட்டர்சன் செய்தது என்று அந்தக் கோப்பையிலேயே பொறித்திருக்கிறது. தன் வேலையைப் பற்றி ஒரு கைவினைஞர் அவ்வளவு நேர்மையாக எழுதி வைத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கோப்பையைக் கையில் எடுத்தால்

இந்த வரிசையைச் சேர்ந்த கோப்பை பார்த்தவுடன் பகட்டாகத் தெரியாது. ஏறக்குறைய நேராக எழும் பக்கங்கள், அகன்ற வாய், குட்டையான தண்டு, வட்டப் பாதம். பூசைக் கிண்ணத்தின் பெரிய கணு போய்விட்டது. சிலுவை உருவமும் இல்லை. வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை, அதில் எழுத்து. எந்த ஊருக்கானது, எந்த ஆண்டு என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். மூடி தனியாக வரும். திருப்பிப் போட்டால் அதன் குமிழே பாதமாகி, அப்பத் தட்டாகப் பயன்படும். ஒரே பொருளுக்கு இரண்டு வேலை.

முத்திரைகளைப் படிக்கப் பத்து மடங்கு பெருக்கும் லென்சும் பக்கவாட்டில் விழும் வெளிச்சமும் வேண்டும். நேர் வெளிச்சத்தில் வெள்ளி பளிச்சென்று அடித்து எதையும் காட்டாது. லென்சின் கீழ் முதலில் தேட வேண்டியது ஊர் முத்திரை. சிறு கேடயத்துக்குள் மேலே கோட்டையின் மதில், கீழே ஒரு சிங்கம். நானூற்றைம்பது ஆண்டு துடைத்துத் துடைத்துச் சிங்கத்தின் கால்கள் மழுங்கியிருக்கும். சில கோப்பைகளில் அது வெறும் மேடாகத்தான் தெரியும். மதிலின் மேல் விளிம்பு பெரும்பாலும் தப்பும், ஏனென்றால் அச்சு அங்கே ஆழமாக இறங்கியிருக்கும். உண்மையான அச்சடிப்பு என்றால் குழிவின் ஓரங்கள் கூராக இருக்கும், உலோகம் அடிபட்டு நகர்ந்த தடம் தெரியும், உள்பக்கத்தில் தட்டையாக்கிய சுவடு இருக்கும்.

அடுத்தது எழுத்து. ஊரைப் பார்க்காமல் எழுத்தைப் படித்தால் தவறு நிச்சயம். 1558இல் தொடங்கிய லண்டன் சுற்றில் கோதிக் பாணிச் சிறிய எழுத்துகள். அதில் சி என்றால் 1560. நாரிச்சில் ரோமன் பாணிப் பெரிய எழுத்து சி என்றால் 1567. அதே 1567க்கு லண்டனில் கே எழுத்து. ஜே எழுத்தை அவர்கள் சுற்றில் சேர்க்கவில்லை என்பதால் கணக்கு அங்கே ஒன்று தள்ளிப்போகும். அந்தக் காலத்தில் லண்டனில் எழுத்து மாறிய நாள் மே மாதம் 19, தூய டன்ஸ்டன் திருநாள். அதனால்தான் பட்டியல்களில் 1567–68 என்று இரட்டை ஆண்டு போடுவார்கள்.

கடைசியாகச் செய்தவரின் அடையாளம். சில கோப்பைகளில் அது மட்டுமே இருக்கும், ஊர் முத்திரையும் எழுத்தும் இருக்காது. அதைப் பார்த்ததும் போலி என்று முடிவு கட்டுவது அவசரம். அத்தனை பங்குகளும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டினால் எல்லாப் பொருளும் சோதனை மேசைக்குப் போயிருக்குமா?

அந்தச் சோதனை எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பது முதல் கட்டம்; நம் ஊர் ஆசாரிகள் மாற்றுப் பார்ப்பது போலவே. துல்லியம் வேண்டுமென்றால் பொருளிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து எடை போட்டு, ஈயத்தில் பொதிந்து, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணியில் வைத்து உலையில் புடம் போடுவார்கள். ஈயமும் செம்பும் ஆக்சைடாகிக் கிண்ணிக்குள் உறிஞ்சப்படும். மிஞ்சுவது வெள்ளி மணி. அதன் எடையை முதல் எடையோடு ஒப்பிட்டால் தரம் தெரிந்துவிடும். முத்திரை அடித்த இடத்துக்குப் பக்கத்தில் மெல்லிய சுரண்டல் கோடு இருந்தால் அதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

ஆண்டெழுத்துகளை வரைபடத்தில் வைத்தால்

ஒரு கோப்பையின் முத்திரை அந்தக் கோப்பையின் வயதைச் சொல்லும். நூற்றுக்கணக்கான கோப்பைகளின் முத்திரைகளைச் சேர்த்தால் நிர்வாகம் எப்படி நகர்ந்தது என்பது தெரியும். கென்ட் பகுதிக் கோப்பைகள் 1560களின் தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றன. கான்டர்பரி பேராயரின் கண்ணெதிரே இருக்கும் பகுதி அது. நாரிச் 1567, 1568. வூஸ்டர் பகுதி 1571ஐ ஒட்டி. தென்மேற்கே டெவன் பகுதி 1570களில், அங்கே எக்சிட்டர் நகரத் தட்டார் ஜான் ஜோன்ஸின் பெயர் கோப்பைக்குக் கோப்பை வருகிறது. நாடு முழுவதும் ஒரே நாளில் ஆணை போட்டு நடந்த மாற்றம் இல்லை இது. மறைமாவட்டம் மறைமாவட்டமாக, அங்கங்கே இருந்த ஆயரின் பிடிவாதத்துக்கு ஏற்ப நடந்திருக்கிறது. இதைக் கடிதங்களிலிருந்தும் கணக்குப் புத்தகங்களிலிருந்தும் ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் கிராமத்துக் கணக்குப் புத்தகங்கள் பல தொலைந்துவிட்டன. கோப்பை இருக்கிறது, எழுத்து இருக்கிறது.

தப்பிப் பிழைத்த பழைய கிண்ணங்களும் உண்டு. சாமர்செட் பகுதியின் நெட்டில்கூம் ஆலயத்துக் கிண்ணமும் தட்டும் லண்டன் முத்திரையோடு 1479–80ஐச் சேர்ந்தவை. ஆண்டெழுத்து முறை தொடங்கிய உடனே வந்தவை. வேல்ஸில் டோல்கெத்லி அருகே 1890இல் மலைப்பகுதியில் கிடைத்த பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கிண்ணத்தில் ஹால்மார்க்கே கிடையாது, முத்திரைச் சட்டம் வருவதற்கு முந்தையது. ஆனால் ஹெரிஃபர்டைச் சேர்ந்த நிக்கோலஸ் என்னைச் செய்தான் என்று லத்தீனில் பெயர் பொறித்திருக்கிறது.

ஏமாறக்கூடிய இடங்கள்

பழைய கிண்ணம் என்று கையில் வருபவற்றில் அடிக்கடி குழப்புவது விக்டோரியா காலத்து வேலை. 1840களில் இங்கிலாந்து ஆலயங்களில் மறுபடி நடுக்கால மோகம் பிறந்தது. கட்டடக் கலைஞர் வில்லியம் பட்டர்ஃபீல்ட் பழைய பூசைக் கிண்ணங்களைப் பார்த்துப் புதிய வடிவங்கள் வரைந்தார், ஜான் கீத் அவற்றை வெள்ளியில் செய்தார். ஆறு பக்கப் பாதம், கணு, எல்லாம் திரும்ப வந்தன. வடிவத்தை மட்டும் பார்த்தால் 1450 என்று சொல்லத் தோன்றும். முத்திரை உடனே திருத்திவிடும்: 1784 முதல் 1890 வரை வெள்ளிக்கு வரி கட்டியதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசியின் தலை அடிப்பார்கள். விக்டோரியாவின் தலை இருந்தால் 1450 என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆண்டெழுத்தும் சிங்கமும் கூடவே இருக்கும் லண்டன் சிறுத்தைக்குக் கிரீடம் இல்லையென்றால் அது 1821க்குப் பிந்தையது என்பதும் உதவும். அந்த மோகத்தில் எலிசபெத் காலக் கோப்பைகள் அசிங்கம் என்று ஒதுக்கப்பட்டு, சில உலைக்கும் போயின. முன்னூறு ஆண்டுக்கு முன் கிண்ணத்தை உருக்கிக் கோப்பை செய்தார்கள், இப்போது கோப்பையை உருக்கிக் கிண்ணம். எனக்கு இரண்டுமே வருத்தம் தரும் இழப்பாகத்தான் தெரிகிறது.

வேண்டுமென்றே செய்யும் போலி வேறு வகை. உடைந்த கரண்டியிலிருந்தோ சிறு பாத்திரத்திலிருந்தோ நல்ல முத்திரையை வெட்டி எடுத்து, பெரிய பாத்திரத்தில் பதித்துப் பற்றாசு வைத்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. வாயால் ஊதி ஆவி படியவிட்டால், மறையும் நேரத்தில் ஒட்டு வைத்த கோடு பல சமயம் தனியாகத் தெரியும். வார்ப்பில் செய்த போலி முத்திரையில் ஊசிமுனைக் குழிகளும் மழுங்கிய ஓரமும் இருக்கும்; ஒரு செட்டில் எல்லாப் பொருளிலும் முத்திரைகள் அச்சு அசலாக ஒரே இடைவெளியில் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். கையால் ஒவ்வொன்றாக அடித்தவை அப்படி இருக்கவே இருக்காது.

இன்று எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியால் பொருளைச் சுரண்டாமலேயே கலவையைப் பார்க்கலாம். பதினாறாம் நூற்றாண்டு வெள்ளியில் ஈயமும் சிறிது தங்கமும் எச்சமாக இருக்கும், அந்தக் காலத்துச் சுத்திகரிப்பில் அவை முழுதாகப் போகாது. மின்பகுப்பு முறை வந்த பிறகான வெள்ளி அந்த எச்சங்கள் இல்லாமல் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கும். எலிசபெத் காலக் கோப்பை என்று சொல்லப்படும் ஒன்றில் ஈயமும் தங்கமும் அறவே இல்லையென்றால், முத்திரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் நம்ப மாட்டேன்.

இப்போது எங்கே

இந்தக் கோப்பைகளில் பல இன்னும் பங்குகளின் சொத்து. திருட்டுக்குப் பயந்து வங்கிப் பெட்டகங்களில் இருப்பவை உண்டு. பேராலயக் காட்சியறைகளுக்கும் மியூசியங்களுக்கும் கொடுத்து வைத்தவையும் உண்டு. விற்பது என்று ஒரு பங்கு முடிவு செய்தால் மறைமாவட்டத்தின் திருச்சபை நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். அப்படி வந்த வழக்குகளில் பெரிதாகப் பேசப்பட்டது வில்ட்ஷயர் பகுதியின் லேகாக் கோப்பை. பதினைந்தாம் நூற்றாண்டில் விருந்து மேசைக்காகச் செய்து, பிறகு ஆலயத்துக்கு வந்து, நற்கருணைக்குப் பயன்பட்ட மூடியுள்ள வெள்ளிக் கோப்பை அது. அதில் ஹால்மார்க் எதுவும் இல்லை. இருந்தும் 2013இல் பிரிட்டிஷ் மியூசியமும் வில்ட்ஷயர் மியூசியமும் சேர்ந்து 13 லட்சம் பவுண்டுக்கு வாங்கின. திருப்பலிக்காகச் செய்த பொருள் அல்ல என்பதால், பழைய கிண்ணங்களைத் தேடி வந்த அதிகாரிகள் அதைத் தொட வேண்டிய அவசியம் வரவில்லை.

நார்ஃபோக்கின் சிறு பங்குகளுக்குக் கூரை ஒழுகுகிறது, பணம் இல்லை. கோப்பையை விற்கத் தோன்றுவதில் நியாயம் இருக்கிறது. என் கருத்து, விற்றாலும் அந்தப் பகுதியின் மியூசியத்துக்கே போக வேண்டும் என்பது. சி எழுத்துள்ள ஒரு கோப்பை வேறு நாட்டுச் சேகரிப்பாளர் வீட்டு அலமாரியில் இருந்தால் அது 1567ஆம் ஆண்டு வெள்ளிப் பொருள், அவ்வளவுதான். பக்கத்து ஊரின் சி, அதற்கடுத்த ஊரின் டி, இன்னும் பிடிவாதமாகத் தாமதித்த மூன்றாவது ஊரின் கோப்பை, எல்லாம் அருகருகே இருந்தால்தான் எந்தப் பங்கு முதலில் பணிந்தது, எது இழுத்தடித்தது என்று ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட முடியும்.